மேற்பார்வையாளருக்கு அண்ணன் எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை உன் அண்ணியிடம் நீ தொலைபேசியில் சொல்லிவிடுவதால் நான் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. நான் பேசினால் மட்டும் உனக்கு இணைப்பு சரியாக இருப்பதில்லை. காகிதம் நடுவில் அறுந்து போகாது என்பதால் எழுதுகிறேன்.

கடையின் மின் ஒப்பந்த உரிமம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. வழக்கம்போல் புதுப்பிக்க விண்ணப்பம் கொடுத்தேன். வழக்கம்போல் இன்ஸ்பெக்டர் கருவிகளைப் பார்க்க வந்தார். நம் தெருக் கடைகள் இந்தச் சோதனையை எப்படித் தாண்டுகின்றன என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஒப்பந்ததாரரிடமும் நில இணைப்பை அளக்கும் எர்த் டெஸ்டர் இருக்க வேண்டும் என்பது விதி. தெருவுக்கே ஒன்றுதான் ஓடுகிறது. இன்ஸ்பெக்டர் ஒரு கடையில் டீ குடிக்கும்போதே அது பின்வாசல் வழியாக அடுத்த கடைக்குப் போய்விடும். பழைய இன்ஸ்பெக்டர், "சீக்கிரம் அனுப்புங்கப்பா, எனக்கும் நேரமாகுதில்ல" என்று சொன்னவர்தான்.

இப்போது வந்திருப்பவர் புதியவர். என் மேசைமேல் இருந்த டெஸ்டரைப் பார்த்ததும், "வாங்க வாங்க, இப்பத்தானே எதிர்க் கடையில பார்த்தோம்" என்று அதன் கைப்பிடியைத் தட்டிக்கொடுத்தார். அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அடுத்து, உரிமத்தில் உன் பெயரைக் காட்டி, இந்த சூப்பர்வைசர் எங்கே என்று கேட்டார். சைட்டில் இருக்கிறான் என்றேன். "எந்த சைட்டு சார்? ப்ளேன் ஏறிப் போற சைட்டா?" என்றார். பிறகு எனக்கே பாடம் எடுத்தார். "லைசென்ஸ் உங்க பேர்ல இருந்தா போதுமா? சர்டிபிகேட் வாங்கின சூப்பர்வைசர் கடையில ஆளா இருக்கணும், பேரா இருந்தா போதாது" என்று சொல்லிவிட்டு, டீயைத் தொடாமல் போனார்.

தம்பி, நீ வெளிநாட்டில் இருப்பதை அவருக்குச் சொன்னது யார்?

முதல் சந்தேகம் உன் அண்ணியின் தம்பி மேல். என் கடையில் தொழில் கற்றுக்கொண்டு, எதிரிலேயே கடை போட்டவன். இன்ஸ்பெக்டர் அன்று டீ குடித்தது அவன் கடையில்தான். டெஸ்டர் எனக்கு வந்ததும் அங்கிருந்துதான், அதுவும் தாமதமாக. போன மாதம் அவன் அம்மாவைப் பார்க்க நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, "சின்ன அத்தான் எப்ப வர்றாரு?" என்று கேட்டான். லிஃப்ட் வருவதற்குள் திரும்பவும் கேட்டான். வெறும் பாசத்தில் ஒருவன் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பானா?

வயர்மேன் நெட்டையனையும் விடவில்லை. நீயா சொன்னாய் என்று நேராகவே கேட்டேன். "நான் போய்ச் சொல்றதா இருந்தா, நீங்க என்னைத் திட்டறதை இல்லண்ணே மொதல்ல சொல்லியிருப்பேன்" என்றான். பதிலைத் தயாராக வைத்திருந்தவன் மாதிரி சொன்னான். அதுதான் எனக்கு உறுத்துகிறது. உன் அண்ணியோ, உன்னிடமிருந்து அழைப்பு வந்தால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். குக்கர் சத்தமாம்.

மறுநாள் உரிம அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கண்காணிப்பாளராக உட்கார்ந்திருப்பவன் கல்லூரியில் எனக்கு இளையவன். என் வரைபடத் தாள்களை வாங்கிப் பார்த்து வரைந்து தேறியவன். எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லிவிட்டு, அது வரும்வரை என்னை நிற்க வைத்தான். பிறகு கோப்பைத் திருப்பிக் காட்டினான். உன் சான்றிதழை என் உரிமத்திலிருந்து நீக்கும்படி நீயே எழுதியதாக அதில் ஒரு கடிதம் இருந்தது. "தம்பி உங்ககிட்ட சொல்லலையாண்ணே?" என்று மிகவும் அக்கறையாகக் கேட்டான்.

கையெழுத்து உன்னுடையது போலத்தான் இருந்தது. ஆனால் நீ புறப்படும்போது, வயரிங்கைச் சோதித்தேன் என்று கொடுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டுகளில் ஒரு கட்டைக் காலியாகவே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனாய். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அவற்றில் பல இன்று ஊரெல்லாம் இருக்கின்றன. உன் கையெழுத்தைப் பார்த்துப் போட நினைப்பவனுக்கு என்ன கஷ்டம்? மைத்துனன்தான் போட்டிருக்க வேண்டும். பல் டாக்டரம்மாவின் மாடிக் கட்டடத்தில் வயரிங் எல்லாம் முடித்துவிட்டேன். உரிமம் போய்விட்டால் அதற்கு மின் இணைப்பு வாங்கிக் கொடுக்க என்னால் முடியாது. வேலை வேறு கைக்குப் போய்விடும், நெட்டையனும் மற்றவர்களும் பின்னாலேயே போய்விடுவார்கள். அந்த டாக்டரம்மா வீட்டு வாசலில் போன வாரம் மைத்துனன் வண்டி நின்றது. கேட்டால் பல்வலி என்றான். கடலை மிட்டாயைக் கடித்து நொறுக்குகிறவனுக்குப் பல்வலியாம்.

அந்தக் கடிதம் உன்னுடையதில்லை என்று ஒரு வரி எழுது. அதைக் கொண்டுபோய் அவன் மேசைமேல் வைக்கிறேன். நாற்காலிக்குக் காத்திருக்க மாட்டேன்.

உன் பதில் வரும்வரை யாரையும் எதுவும் கேட்காமல் இருக்கப் பார்க்கிறேன். உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அண்ணன்


தம்பிக்கு,

உன் பதில் வந்தது. அந்தக் கடிதம் உன்னுடையதுதான், யாரும் சொல்லித்தரவில்லை, இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்ததும் அதிலிருந்துதான் என்று எழுதிவிட்டாய். அப்படியானால் என்னைக் காட்டிக்கொடுத்தவர் யாருமில்லை. இத்தனை பேரைச் சந்தேகப்பட்டது வீண்தான். மைத்துனனுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். கன்னம் பந்துபோல வீங்கியிருக்கிறது. அதையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

உன்னோடு வேலை பார்த்தவர், இன்னொருவர் சோதித்ததாகக் கையெழுத்திட்ட மின்பலகையைத் தொட்டு இறந்துபோனார் என்று எழுதியிருக்கிறாய். அன்றிலிருந்து, உன் கையெழுத்து இருக்கும் நம் ஊர் வீடுகளை நினைத்துப் பார்க்கிறாய் என்றும், "நான் பார்க்காத வீட்டுல நான் பார்த்தேன்னு இருக்குண்ணே" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியில் வேறு யாருடைய பேச்சாவது கலந்திருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் படித்தேன். இல்லை, உன் பேச்சுதான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த வீடுகளில் ஒன்றையும் நான் சோதிக்காமல் விடவில்லை. தெரு டெஸ்டர் கைக்கு வரும்வரை காத்திருந்து, எர்த் குழி ஒவ்வொன்றுக்கும் நானே போய் அளவெடுத்தேன். இது உனக்குத் தெரியுமா? தெரியாது. அதைத்தான் நீயும் எழுதியிருக்கிறாய். என்னிடம் ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்கலாம். நான் யாரைக் குற்றம் சொல்லத் தொடங்குவேன் என்று நீ பயந்திருப்பாய். அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன்.

மீதியிருந்த காலி ரிப்போர்ட்டுகளைக் கிழித்துவிட்டேன். உன் கையெழுத்து இருந்த துண்டுகளையெல்லாம் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். சொன்னால் நம்பமாட்டாய் என்றுதான். நம் வீட்டில் சந்தேகம் எனக்கு மட்டுமே உரியதல்ல என்பது இப்போது தெரிந்துவிட்டது.

மேற்பார்வையாளர் சான்றிதழை நானே வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இத்தனை வருஷம் அதற்குக் கேட்காமல் இருந்தது, என் தாளைப் பார்த்து வரைந்தவர்களிடம் போய் நிற்க வேண்டுமே என்றுதான். இப்போது போய் நின்றேன். பட்டம் இருப்பதால் தேர்வு எழுத வேண்டாம், அனுபவச் சான்று போதும் என்றான் கண்காணிப்பாளன். நான் எந்த மேற்பார்வையாளருக்குக் கீழே வேலை செய்தேனோ அவர் கையெழுத்திட வேண்டுமாம். யார் அவர் என்று கேட்டுவிட்டு, கோப்பைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து வந்து அவனே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

என் கடையில், கோப்பின்படி, நான் உனக்குக் கீழே வேலை செய்தவன். உனக்கு வயர் சீவக் கற்றுக்கொடுத்தவன் நான், கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டபோது உன் ரத்தத்தை என் சட்டையில் துடைத்தவன் நான். இருந்தாலும் சட்டப்படி அதுதான் நிலை.

விஷயம் தெரிந்து மைத்துனன் வந்தான். அவனும் சான்றிதழ் வாங்கிய மேற்பார்வையாளன்தான். வீங்கின வாயோடு, "நான் போட்டுத் தர்றேன் அத்தான், என் கடையில இருந்தீங்கன்னு எழுதிக்கலாம், யாரு பார்க்கப் போறா?" என்றான். என்ன ஆதாயத்துக்குச் சொன்னான் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை ஆதாயமே இல்லையோ என்னவோ. வேண்டாம் என்றேன். அவன் கடையில் ஒரு நாளும் நான் வேலை செய்ததில்லை.

இதெல்லாம் முடிவதற்குள் மாதக் கடைசி வந்துவிடும். சில வாரங்கள் கடைக்கு உரிமம் இருக்காது. அதுவரை ஒரு சுவிட்சைக்கூட மாற்றித் தரக்கூடாது என்று ஆட்களிடம் சொல்லிவிட்டேன். நெட்டையன், "அப்போ கடையில உட்கார்ந்து திட்டு வாங்கறதுக்கு மட்டும் வரணுமாண்ணே?" என்று கேட்டான். வரவேண்டும் என்றேன். டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். காத்திருக்கிறேன் என்றார். ஏன் காத்திருக்கிறார் என்று தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்.

அனுபவச் சான்றுப் படிவத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். அதில் நான் எதையும் நிரப்பவில்லை, உன் பெயரைக்கூட. நீ இங்கே இருந்த காலத்தில் உன் கண்ணால் பார்த்த வேலைகளை மட்டும் எழுது. கடைசியில், இவருக்கு வேலை தெரியும், இவரை நம்பித் தனியாக வேலையில் விடலாம் என்று ஒரு வரி அச்சாகி இருக்கிறது. அது உண்மை என்று உனக்குப் பட்டால் கையெழுத்துப் போடு. படாவிட்டால் தாளை அப்படியே திருப்பி அனுப்பு. காரணம் கேட்டு எழுத மாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அங்கே எந்தப் பலகையைத் திறந்தாலும், அதில் யார் கையெழுத்து இருந்தாலும், நீயே ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் கை வைக்காதே. என் கையெழுத்தாக இருந்தாலும்தான்.

உன் அண்ணன்