உன் கேசட்டின் மேல் ஒரு பஜனை

டேய்,

கேசட்டின் முதுகில் இரண்டு சதுர ஓட்டை இருக்குமே, நீ பேனா முனையால் பிளாஸ்டிக் பல்லைப் பெயர்த்தெடுத்த ஓட்டை, அதில் இப்போது காகிதம் அடைத்திருக்கிறது. தினசரி காலண்டர் தாள். உருட்டி, கச்சிதமாகத் திணித்திருக்கிறார்கள். ‘ராகுகாலம்’ என்ற எழுத்தில் பாதி வெளியே தெரிகிறது. உன் ஆல்பத்துக்கு எந்த நேரத்தில் சனி பிடித்தது என்று அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள்.

பல்லை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் எதையும் பதிய முடியாது. ஓட்டையை அடைத்தால் முடியும். அடைத்தவர் உன் பெரியப்பா.

நீ போய் ஒரு மாதம் ஆன சடங்குக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். கிளம்பும்போது கூப்பிட்டுக் கையில் வைத்தார்.

“நீ அவனோட ஃப்ரெண்டோன்னோ, ஞாபகமா வெச்சுக்கோ. அவனுக்காக நானே பஜனை பாடி ரிக்கார்ட் பண்ணிருக்கேன்.”

“புது கேசட்டா மாமா?”

“புதுசு எதுக்கு? அவன் மேஜை டிராயர்லயே இருந்தது. என்னமோ மிஷின் சத்தம். அழிச்சுட்டேன்.”

அழிச்சுட்டேன். கரும்பலகையைத் துடைத்த மாதிரி சொன்னார். வீட்டுக்கு வந்து குதித்தேன். “பையனே பூட்டான், நீ இன்னாடான்னா கேசட்டுக்குக் குதிக்கிற” என்றாள் அம்மா. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இந்தக் கோபம் புரிகிற ஆள் மந்தைவெளி முதல் லஸ் வரை நீ ஒருவன்தான் இருந்தாய்.

உன் அத்திம்பேர் ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த இசைத்தட்டு அது. நாம் பிறப்பதற்கு முன்பே வந்த ஆல்பம். பாடகர் இல்லை, பாட்டு இல்லை, முழுக்க சிந்தசைசர் என்கிற மின்னிசைக் கருவி. அவர் தட்டோடு திரும்புவதற்குள் பதிந்தாக வேண்டும் என்று பாண்டி பஜார் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடையில் கொடுத்தோம். கடைக்கார அண்ணன் ரொம்ப நல்லவர். அதுதான் ஆபத்து.

“ஸ்டார்டிங்ல வெறும் உய்ய்னு ஒரு சவுண்டு வந்துக்கினே கீது தம்பி. தட்டு பழசு போலன்னு கட் பண்ணிட்டேன். கடைசில டேப்பு மிச்சம், சும்மா போவுதேன்னு ஒரு சினிமா பாட்டு ஏத்திகீறேன். அதுக்குத் துட்டு வாணாம்.”

“ரெக்கார்டிங் சென்டரா, ரெக்கார்டு கட்டிங் சென்டராண்ணே? போர்டை மாத்துங்க” என்றேன். அவரே சிரித்தார். நீ சிரிக்கவில்லை. உனக்குக் காது சிவந்துவிட்டது.

“அண்ணா, அந்த உய்லதான் ஆல்பமே பொறக்கறது. வாசக்கதவைப் பேத்து எடுத்துட்டு வீட்டைக் குடுத்தா எப்படி? திரும்பப் பதியுங்கோ. மிச்ச டேப்பைக் காலியா விட்டுடுங்கோ.”

“காலியாவா?”

“காலியா. கேட்டு முடிச்சவன் வெளில வர நேரம் வேண்டாமா?”

அவர் என்னைப் பார்த்து, நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் கேட்டார், இவனுக்கு ஏதாவது என்று. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு கபாலி கோயில் குளத்துப் படிக்கட்டு. உன் வாக்மேன், ஒரே இயர்போன். இடது காது உனக்கு, வலது காது எனக்கு. “மச்சி, யாரோ மாவரைக்கிறாங்கடா” என்றேன். “மூடிண்டு கேளு” என்றாய். அந்த ரீங்காரம் மெல்லப் பருத்து, அதற்குள்ளிருந்து நான்கு சுரம் சுற்ற ஆரம்பித்தது. அதே நான்கு, மறுபடி அதே நான்கு. நான் சுண்டல் வாங்கப் போகலாம் என்று எழுந்தபோது என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். “இப்போ பாரு.” நான்கில் ஒன்று, ஒரே ஒன்று, லேசாக இறங்கியது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் குளம், கோபுரம், மாடவீதியில் திரும்பிய பஸ் எல்லாம் ஓரங்குலம் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் நான் சுண்டலைக் கேட்கவில்லை.

கடைசிப் பகுதியில் ஒலி இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்குமாக நடக்கும். என் பக்கம் ஓய்ந்ததும் நீ விரலைத் தூக்குவாய். “என்கிட்ட இருக்கு.” கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, “இந்தா, அனுப்பிட்டேன்.” வந்துவிடும்.

இதைத்தான் மிஷின் சத்தம் என்கிறார். யார் சொல்வது, பார்! பெரியப்பாவின் சுருதிப்பெட்டி ரிப்பேருக்குப் போயிருந்த நாள் நினைவிருக்கிறதா? யோசனை என்னுடையது, டேப் ரிக்கார்டர் உன்னுடையது. திரைச்சீலைக்குப் பின்னால் வைத்து அந்த உய்யை ஓட விட்டோம். “யாருடா சுருதி போட்டது? பேஷ், கம்பி மாதிரி நிக்கறதே!” என்று கண்ணை மூடித் தன் குரலை அதற்கு இறக்கிக்கொண்டு பாடினாரே! நான்கு சுரமும் சுற்ற ஆரம்பித்த பிறகல்லவா வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்! சரி, அந்தக் கடுப்பு இருக்கட்டும். அவருடைய சுருதிப்பெட்டி மட்டும் என்ன, பிளக்கில் செருகாமல் பக்தியிலா ஓடுகிறது? அது மிஷின் இல்லையாம். உன்னுடையதுதான் மிஷினாம்.

கை தவறிவிட்டது என்றாவது சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். ரிக்கார்ட் பண்ண இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்த வேண்டும். அதற்கும் முன்னால் காலண்டர் கிழிக்க வேண்டும், உருட்ட வேண்டும், அடைக்க வேண்டும். இவ்வளவு சிரத்தையாக ஒருவனை அழித்துவிட்டு, அவன் ஞாபகமாக வைத்துக்கொள் என்று கொடுப்பார்களா? சடங்குக்கு வந்தவர்களிடம் உனக்குப் பஜனை என்றால் உயிர் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். எவனோ ஒரு நல்ல பிள்ளையைச் செய்து உன் இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். என்னோடு திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவன் எங்கே?

நேற்று அதே படிக்கட்டுக்குப் போனேன். வாக்மேனை உன் அம்மாதான் எனக்குக் கொடுத்தாள். முதல் பக்கம் முழுக்க அவர்தான். வாசக்கதவு போய்விட்டது மச்சி, உய் இல்லை. இரண்டாம் பக்கமும் அவரே. தப்பித்தவறி ஏதாவது மிஞ்சியிருக்காதா என்ற ஒரே ஆசையில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். போகப்போக அவருக்கு மூச்சு வாங்கியது. தொண்டையைக் கனைத்தார். “போறும், நிறுத்திடு” என்று யாரிடமோ சொன்னார். ஒரு டக்.

அந்த டக்கின் மறுபக்கத்தில், பாதிச் சுரத்தில், உன் ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசிப் பகுதி. இடது பக்க இயர்போனை நான் போட்டுக்கொள்ளவில்லை, நீ உட்காரும் படியில் வைத்திருந்தேன். என் காதில் ஒலி ஓய்ந்தது. படியில் கிடந்த துண்டு மட்டும் எறும்பு பேசுவதுபோலச் சன்னமாக இரைந்தது. காத்திருந்தேன். அனுப்பினாய்.

பிறகு நீ சண்டை போட்டு வாங்கிய அந்தக் காலி டேப். வெறும் இரைச்சல். பக்கத்தில் கூடையோடு இருந்த பூக்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, பாட்டு நின்னுபோச்சா?” என்றாள்.

“முடிஞ்சிடுச்சுக்கா. இப்பதான் வெளிய வந்துகினு இருக்கேன்.”

டேப் தீர்ந்து பட்டன் தானாக எழும்பும்வரை தொடவில்லை. அப்புறம் அவளிடம் ஒரு ஊக்கு வாங்கி, இரண்டு ஓட்டையிலிருந்தும் ராகுகாலத்தைத் தோண்டி எறிந்தேன். இனி இதன்மேல் யாரும் எதையும் பதிய முடியாது. ஆனால் பார், மிஞ்சிய உன்னைக் காப்பாற்றப் போய், உன் பெரியப்பாவின் பஜனையையும் சேர்த்து அழியாமல் பண்ணிவிட்டேன். உன்னைக் கேட்க வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும். வருவேன்டா. திட்டிக்கொண்டே வருவேன்.