எட்டில் ஒன்று மட்டும் ஓடிய நாட்கள்

சூடேறிய தூசியின் மணம் உனக்குத் தெரியும். கணினியின் காற்றாடி முழுவேகத்தில் சுழலத் தொடங்கினால் பின்பக்கத்திலிருந்து வருமே, இஸ்திரிப் பெட்டியை மறந்துபோய் அப்படியே வைத்துவிட்டதுபோல ஒரு மணம். இன்று காலை அது மறுபடியும் என் வீடியோக் கடை முழுக்கப் பரவியது.

கிண்ணியாவிலிருந்து ஒருவர் தன் தங்கையின் கலியாண வீடியோவைக் கொண்டுவந்திருந்தார். நாங்கள் முன்பு பாவித்த அதே பழைய வகைக் கோப்பு. அந்த வகையைத் திறக்கக்கூடிய புதிய மென்பொருள் ஒன்று சமீபத்தில்தான் என் கைக்கு வந்தது. கோப்பைப் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில், கணினி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பகுதியைத் திறந்தேன். எட்டுக் கட்டங்கள். எட்டிலும் கோடு உச்சியில் நின்றது. அவருக்கு ஊற்றிக் கொடுத்த பிளேன்ரீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"அதுக்குள்ள சரியா? நாளைக்கு வாங்க எண்டு சொல்லுவீங்க எண்டெல்லோ நினைச்சன்," என்றார்.

அவர் போன பிறகு கடைக் கதவைப் பாதி சாத்தினேன். உன்னிடம் சொல்லவேண்டும்போல இருந்தது. சொல்ல நீ இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

கிழமை நாட்களில் நீ துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞர். சனி, ஞாயிறுகளில் ஊரின் குரல். கலியாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, நிலாவெளிப் பக்கத்துத் தோணி ஓட்டம், கோயில் திருவிழா, எதுவானாலும் மைக் உன் கையில், கமெரா என் கையில். மைக்கை வாங்கியவுடன் நீ பேசமாட்டாய். கொஞ்ச நேரம் சும்மா நிற்பாய். சனம் ஏன் ஒரு சத்தமும் இல்லை என்று திரும்பிப் பார்க்கும். அதன் பிறகுதான் "வணக்கம்" என்பாய், வீட்டுக்கு வந்த ஓராளிடம் சொல்வதுபோல.

ஒரு பள்ளிக்கூடத்து ஓட்டப் போட்டியில் அந்தப் பள்ளி அதிபர் உன்மேல் எரிந்து விழுந்தது நினைவிருக்கிறதா? முதலாவது வந்த பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "ஏன் ரீச்சர் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள், சொல்லுங்கோ!" என்றார். உன்னை எல்லாரும் ஆசிரியை என்றே நினைத்தார்கள். நீ மைதானத்தைக் காட்டி, "கடைசிப் பிள்ளை இன்னும் ஓடிக்கொண்டிருக்கு சேர், அது வரட்டும்," என்றாய். அது மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அந்தப் பெயரைத்தான் முதலில் சொன்னாய். நான் கமெராவை முதலாவது வந்த பிள்ளையிலிருந்து அவசர அவசரமாகத் திருப்ப வேண்டியதாயிற்று.

உன் குரல் கரகரத்தபோது நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. திருவிழாக் காலம், கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிட்டது என்றுதான் நினைத்தோம். கொத்தமல்லி குடித்தாய், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாய். அடைப்புத் திறக்கவேயில்லை. ஒருநாள் கந்தோர் விட்டு நேரே ஓர்ஸ் ஹில்லுக்கு, என் கடைக்கு வந்தாய். வாசலில் வழக்கம்போல இரண்டு மான்கள் நின்றன. கொண்டுவந்த வாழைப்பழத்தை உரித்துத் தோலை அவற்றுக்குப் போட்டுவிட்டு, பழத்தைச் சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னாய்.

"தொண்டைக்குள்ள கட்டியாம். குரல்வளையையே எடுக்கோணுமாம்."

"எடுத்தால்?"

"எடுத்தால் ஆள் இருப்பன். குரல் இராது."

 

கொழும்பில் வேலை செய்த உன் மகள்தான் அந்த யோசனையைக் கொண்டுவந்தாள். எழுத்தை அடித்தால் நாங்கள் விரும்பும் ஆளின் குரலில் பேசும் செயலி ஒன்று கைபேசிக்கு வந்திருக்கிறது, அந்த ஆளின் பேச்சைப் போதுமான அளவு அதற்குக் கொடுத்தால் சரி என்றாள். அன்றைக்கே உன்னைப் பதிவு செய்து பார்த்தோம். செயலி உன்னைப் போலவே பேசியது, அன்றைய உன்னைப் போல. கரகரத்து, நடுவில் மூச்சு வாங்கி. நீ கைபேசியைக் கவிழ்த்து வைத்தாய்.

"இது நோயின்ர குரல். என்ர குரல் உன்னட்டத்தான் கிடக்கு," என்றாய் என்னைப் பார்த்து.

கிடந்ததுதான். நீ அறிவித்த எல்லா விழாக்களையும் நான் பிடித்த நாடாக்கள் கடற்காற்றில் பூஞ்சணம் பிடித்துப் போவதற்கு முன்பே, அவற்றை ஒரு வன்தட்டில் ஏற்றி வைத்திருந்தேன். ஆனால் ஏற்றியது அந்தக் காலத்து மென்பொருள். அது தனக்கென்று ஒரு வகைக் கோப்பை உண்டாக்கியிருந்தது. புதிய கணினியிலும் ஓடாது, கைபேசியிலும் ஓடாது. கோப்புகளுக்குப் பெயரும் இல்லை, வெறும் இலக்கங்கள். எதில் நீ பேசுகிறாய், எதில் மேளச் சத்தம் மட்டும் என்று திறக்காமல் சொல்ல ஏலாது. ஒவ்வொரு விழாவிலும் நீ தெளிவாகப் பேசியது சில வசனங்கள்தான். ஆகவே எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

எனக்கு அப்போது நம்பிக்கை இருந்தது. அந்த வருடம்தான் எட்டுக் கோர் உள்ள கணினி ஒன்றை வாங்கியிருந்தேன். "எட்டுப் பேர் சேர்ந்து வேலை செய்யிற மாதிரி அக்கா," என்று விற்றவர் சொல்லியிருந்தார். கோப்புகளை எல்லாம் வரிசையில் போட்டு, தொடக்கத்தை அழுத்தி, நாங்கள் இருவரும் கதிரைகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்தோம். முதலாவது கோப்பு முடியவே அரை நாள் போல எடுத்தது.

நீ திரையைச் சுட்டிக் கேட்டாய். "இதென்ன, ஒரு கோடு மட்டும் உச்சியில நிக்குது? மற்றதெல்லாம் படுத்துக் கிடக்கு?"

"அதுதான் கோர். எட்டில ஒண்டுதான் வேலை செய்யுது."

"அப்ப மற்ற ஏழு பேரும்?"

"சும்மா இருக்கினம்."

"எங்கட கந்தோர் மாதிரித்தான்," என்று சொல்லிச் சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரமாயிற்று.

கணினியில் பிழையில்லை. அந்தக் கோப்புகளைப் படிக்கத் தெரிந்த ஒரேயொரு மென்பொருள், கணினிக்கு ஒரு கோர்தான் என்று இருந்த காலத்தில் எழுதப்பட்டது. மற்ற ஏழும் இருப்பது அதற்குத் தெரியாது. கொழும்பில் எனக்குப் பழக்கமான கணினித் திருத்துநர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "அதைச் செய்த ஆக்கள் அதைக் கைவிட்டுக் கனகாலம் அக்கா. நானென்ன, ஆரும் ஒண்டும் செய்ய ஏலாது," என்றார். நல்ல மனிதர். இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார்.

சும்மா இருக்க மனம் வருமா? அதே மென்பொருளை நான்கு தரம் திறந்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கோப்பைக் கொடுத்தேன். நான்கு கோடுகள் எழும்பின. நீ கை தட்டினாய். கொஞ்ச நேரத்தில் பழைய வன்தட்டு டிக், டிக் என்று சத்தம் போடத் தொடங்கியது. நான்கு பேர் நான்கு பக்கத்தால் இழுத்தால் அந்தக் கிழட்டுத் தட்டு எவருக்கென்று கொடுக்கும்? நான்கும் நகராமல் நின்றன. சரி, எல்லாவற்றையும் முதலில் புதிய தட்டுக்குப் பிரதி எடுப்போம் என்றால், பழுதான இடங்களில் அது மணிக்கணக்காக மாட்டிக்கொண்டு நின்றது. ஒருவழியாகப் பிரதி எடுத்து, நான்கையும் திரும்ப ஓடவிட்டேன். இந்த முறை வெக்கை. கணினி சுட்டுப்போய்த் தானே நின்றுவிட்டது. பாதியில் நின்ற கோப்பு எதுவும் திறக்காது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணினியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, வீட்டுக் காற்றாடியைத் தூக்கிவந்து அதற்கு முன்னால் வைத்தேன். அடுத்த நாள் கரண்ட் போனது.

கடைசியில் இரண்டிரண்டாக ஓடவிடுவதுதான் தாங்கும் என்று தெரிந்துகொண்டேன். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது பிடித்து இழுத்தது. உன் உடம்பிலும் அப்போது அதுதான் நடந்துகொண்டிருந்தது. 

சத்திரசிகிச்சைக்கு நீ கொழும்புக்குப் போன அன்று ரயில் நிலையத்துக்கு வந்தேன். மகள் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். நீ ஜன்னலோரத்தில் இருந்தாய்.

"ஏதாவது சொல்லடி," என்றேன். உன் குரலை அன்றுதான் கடைசியாகக் கேட்கப்போகிறேன் என்று எனக்குத் தெரியும்.

"என்னத்தைச் சொல்ல? சொல்லு எண்டு கேட்டால் ஒண்டும் வருதில்லை," என்றாய். பிறகு, "கடையைப் பூட்டிப்போட்டே வந்தனீ?" என்று கேட்டாய். நான் ஓம் என்றேன். ரயில் வெளிக்கிட்டது.

தொண்டையில் ஒரு துவாரத்தோடு திரும்பி வந்தாய். அன்புவழிபுரத்து உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, என் கடைக் கதிரையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். மகள் தற்காலிகமாகச் செயலியில் வேறு யாரோ ஒரு பெண்ணின் குரலைப் போட்டுத் தந்திருந்தாள். ஒரு தரம் "தண்ணி தா" என்று அடித்தாய். செய்தி வாசிப்பதுபோல அது சொன்னது. நீ சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தாய். பிறகு அந்தக் குரலை நிறுத்திவிட்டு, அடித்ததை என்னிடம் காட்டத் தொடங்கினாய். கடைக்குள் காற்றாடிச் சத்தமும் உன் துவாரத்தால் போய்வரும் மூச்சும் மட்டும் கேட்கும். உன் பேச்சைக் கேட்டுப் பழகிய எனக்கு, உன் பக்கத்தில் இருந்துகொண்டு பேசுவதற்கே கூச்சமாக இருந்தது.

முடிந்த கோப்புகளில் மேளமும் வெடியும்தான் நிறைய. நடுவில் எங்காவது நீ ஒரு வசனம் பேசுவாய். அதை வெட்டி எடுத்துச் சேர்த்தேன். செயலி கேட்ட அளவுக்கு அது காணாது.

நோய் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது என்று சொன்னார்கள். அதன் பிறகு நீ கடைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நாங்கள் எல்லாரும் நின்றோம், உன் மகள், உன் கந்தோர்ச் சனம், நான். ஒருவர் தலையணையை உயர்த்தினார், இன்னொருவர் அதையே தாழ்த்தினார். மூச்சு விடுகிற பாட்டை நீ தனியாகத்தான் பட்டாய். கைபேசியைக் கேட்டு வாங்கி, மெல்ல மெல்ல அடித்து எனக்குக் காட்டினாய்.

"எத்தினை முடிஞ்சுது?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு. ஓடிக்கொண்டிருக்கு," என்றேன். அது உண்மைதான். நான் அங்கே நின்றபோதும் கடையில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

திரும்ப அடித்தாய். "அவசரமில்லை. மெல்ல ஓடட்டும்."

 நான் வேறு என்ன செய்திருப்பேன்? எனக்கு ஓட்டத் தெரிந்த ஒரேயொரு இயந்திரம் அதுதான். அதையும் வேகமாக ஓட்டத் தெரியவில்லை.

நீ போனாய். கணினியை நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம். யாருக்காக ஓடுகிறது என்று மனம் கேட்டது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சில நாட்களில், ஒரு பின்னேரம், கோப்பு வரிசை காலியாகிக் கிடந்தது.

உன் மகளுக்குச் சொன்னேன். வந்தாள். செயலியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைசியாக முடிந்த கோப்பைத் திறந்தேன். காளி கோயில் தேர். சனக் கடல். கமெரா தேரை நோக்கித் திரும்பியிருக்க, உன் குரல் ஒலிபெருக்கியில் வருகிறது, கரகரப்பு ஒரு துளியும் இல்லாமல். யாரோ ஒரு பிள்ளை தொலைந்துவிட்டது. எல்லா அறிவிப்பாளரும் தாய் தகப்பனைக் கூப்பிடுவார்கள். நீ அந்தப் பிள்ளையோடு பேசுகிறாய்.

"மஞ்சள் சட்டை போட்ட ராசா, பயப்பிடாதேங்கோ. எங்கயும் ஓடாதேங்கோ. நிக்கிற இடத்திலேயே நில்லுங்கோ. அம்மா உங்களைத் தேடிக்கொண்டு வாறா."

பிறகு மேளம் உன் குரலை மூடிவிட்டது. கொஞ்சத்தில் படமும் முடிந்தது.

 உன் மகள் அழுவாள் என்று நினைத்து, முகம் துடைக்கத் துவாயைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை.

"அந்தப் பிள்ளை கிடைச்சதோ, அன்ரி?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. நான் அங்கேதான் நின்றிருக்கிறேன், கமெராவில் கண்ணை வைத்துக்கொண்டு தேரைப் பிடித்திருக்கிறேன். நீ அப்படிச் சொன்னதாகவே எனக்கு நினைவில்லை. மற்றக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து தேடினோம். அந்தத் தேரின் மிச்சம் எதிலும் இல்லை. உனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். உன்னிடம் இனிக் கேட்க ஏலாது. "தெரியாது பிள்ளை," என்றேன். அவள் பிரதியை வாங்கிக்கொண்டு போனாள். செயலிக்கு அதைக் கொடுத்தாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

இப்போதும் திருவிழாக்களுக்குக் கமெராவோடு போகிறேன். மைக்கில் வேறு ஆட்கள். நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் பிள்ளையொன்று காணாமற்போய்விட்டது என்று ஒலிபெருக்கியில் கேட்டால், தேர் என்னைத் தாண்டிப் போனாலும் நான் கமெராவை இறக்கிவிடுகிறேன். கிடைத்துவிட்டது என்று சொல்லும்வரை நின்ற இடத்தை விட்டு அசைய என்னால் ஏலவில்லை. சனம் இடித்துக்கொண்டு போகும். சில நாட்களில் சொல்கிறார்கள். சில நாட்களில் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.