அம்மாவை ஆழத்துக்குக் கொண்டுபோன படகு

நண்ப,

நேற்று நெடுஞ்சாலையில் அஜக்ஸ் நகரைக் கடக்கையில், ஓரமாய் நின்ற பாரவண்டியொன்றின் முன்மூடி திறந்திருந்தது. ஆவியோடு எழுந்த சூடேறிய இரப்பரின் மணம் என் வண்டிக்குள் நுழைந்தது. நீ மறைந்து ஒரு குளிர்காலம்கூட முழுதாய்க் கழியவில்லை. அந்த மணமோ என்னைத் தொண்ணூறுகளின் ஒரு மே மாதக் காலைக்கு இழுத்துச் சென்றது.

அன்று உன் தாயின் அந்தியேட்டி, சாம்பலை நீரில் கரைக்கும் முப்பத்தோராம் நாள் சடங்கு. ஊரிலுள்ள கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோகப் போர் வழிவிடாத காலம். புலம்பெயர்ந்த நமக்கு ஒன்ராறியோ ஏரிதான் வாய்த்த நீர். மருத்துவமனைக் கட்டிலில் அம்மா உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்.

"என்னைக் கரையிலை விட்டிடாதை மோனை. அலை திருப்பிக் கொண்டந்திடும். ஆழத்திலை விடு."

நீ தலையசைத்தாய். அதற்காகவே, குளிர்காலம் முழுதும் மூடிக் கிடந்த உன் பழைய படகை அந்தக் கிழமை விரைந்து நீரில் இறக்கினாய். வீட்டில் ஐயரும் உறவினரும் காத்திருக்க, நாம் இருவரும் சாம்பற் குடத்தோடு புறப்பட்டோம்.

துறையை விட்டு மெல்ல வெளியேறும்வரை குறையொன்றும் இல்லை. திறந்த நீரில் நீ விசையைக் கூட்டியதும் உன் முகம் மாறியது.

"மச்சான், எஞ்சின்ரை சூட்டு ஊசி ஏறுது."

பின்புறக் குழாயைப் பார்த்தோம். எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுக் கொப்பளித்து வெளியேறும் நீரைக் காணவில்லை. சூடேறிய இரப்பர் மணத்தோடு வெண்ணிற ஆவி மட்டுமே வந்தது. "நிறுத்து! ஏரி நீரை அள்ளி ஊற்றுவோம்!" என்று முழங்கினேன்.

"ஊத்தினால் இரும்பு வெடிச்சிடும். மேடையிலை நிண்டு கத்திற மாதிரிக் கத்தாதை. எஞ்சினுக்குத் தூய தமிழ் விளங்காது."

எஞ்சின் அடங்கியது. அவ்வழியே வந்த படகுக்காரர் ஒருவர், கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துச் செல்வதாகச் சொன்னார். நீ என் மடியிலிருந்த குடத்தைப் பார்த்தாய். நன்றி சொல்லி அவரை அனுப்பிவிட்டாய்.

"கரைக்குப் போனால் இண்டைக்குக் கரையிலைதான் விடவேணும். நான் மாட்டன்."

சூடு தணியக் காத்திருந்தோம். பிறகு நீ நீரின் வழியைப் பின்பற்றித் தேடினாய். படகின் அடியில் ஏரி நீரை உள்ளே விடும் வால்வு திறந்தே இருந்தது. வடிகட்டியில் ஒரு தூசியும் இல்லை. வால்வை மூடிவிட்டுப் பம்பைத் திறந்தாய். குளிரில் வெடித்திருக்கும் என்று நீ அஞ்சிய இரப்பர்ச் சக்கரம் ஓரிதழும் முறியாமல் இருந்தது. எஞ்சியது பம்புக்கு நீர் கொண்டுவரும் குழாய் மட்டுமே. அதைக் கழற்றி வாய்க்குள் விரலை விட்டாய். கறுத்துத் திரண்ட ஏதோ ஒன்று நூலோடு வெளியே வந்தது.

செவ்வந்தி மாலை.

முந்தைய ஐப்பசியில், குளிர்காலத்துக்காக நீ நீரை வடித்துக் குழாய்களைக் கழற்றி வைத்திருந்த வேளையில்தான் ஆயுத பூசை வந்தது. கார்ச் சாவியையும் தையற் பொறியையும் வணங்கிய கையோடு, "படகு மட்டும் என்ன பாவம் செய்தது?" என்று அம்மா குளிராடையோடு துறைக்கே வந்தார். எஞ்சினுக்குச் சந்தனப் பொட்டிட்டார். மேல்நோக்கி நின்ற அந்தக் குழாய்வாயில், தாமே தொடுத்த மாலையை மாட்டினார். "பூசைப் பூ, எடுத்திடாதை" என்றார். நீயும் எடுக்கவில்லை. வசந்தத்தில் வெளியே தொங்கிய சருகை அகற்றினாய். அறுந்து உள்ளே விழுந்திருந்த பாதியை அறியாமல் குழாயைப் பூட்டிவிட்டாய்.

மாலையைக் கையிலேந்தி நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது.

"பாத்தியே மச்சான், கிழவிக்குப் போக மனமில்லை. தானே வழியை அடைச்சுப்போட்டு இருக்கிறா!"

சிரிப்பு பாதியில் உடைந்தது. எஞ்சின் மூடியில் நெற்றியை வைத்து நீ குலுங்கினாய். நான் உன் முதுகில் கை வைத்திருந்தேன்.

பிறகு முகம் துடைத்து எல்லாவற்றையும் பூட்டினாய், வால்வைத் திறந்தாய். சாவியைத் திருப்பியதும் பின்புறக் குழாய் இருமியது, கொப்பளித்தது, நீரைத் துப்பியது. ஊசி இறங்கி நின்றது. கரையின் கட்டடங்கள் சாம்பல் நிறக் கோடாகும்வரை ஓட்டினாய்.

"நீ பேசு மச்சான். உன்ரை பேச்செண்டால் அவவுக்கு உயிர்."

எழுந்து நின்றேன். எத்தனையோ மண்டபங்களை அதிரவைத்த நா அசைய மறுத்தது. நீ சற்றுக் காத்திருந்தாய், கேலி செய்யவில்லை. குடத்தை வாங்கி, குனிந்து, சாம்பலையும் மாலையையும் மெல்ல நீரில் விட்டாய்.

"ஆழத்துக்கு வந்திட்டம் அம்மா. இனி அலை திருப்பாது."

அதன்பின் எத்தனையோ இறுதிச் சடங்குகளில் பேசிவிட்டேன். அழவைத்தேன், பாராட்டும் பெற்றேன். உன் தாய்க்கு நான் பேசாத உரை மட்டும் என்னுள்ளேயே தங்கிவிட்டது. உன்னை வழியனுப்பிய அன்றும் உன் மகள் ஒலிவாங்கியை நீட்டினாள். வாங்கினேன், பிடித்துக்கொண்டு நின்றேன், அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அவையில் சலசலப்பு எழுந்தது. நீ அங்கிருந்திருந்தால் சற்றுக் காத்திருந்திருப்பாய்.

பேசாத உரைகள் இப்போது இரண்டு, நண்ப. நான் பேசிய அனைத்தையும்விட அவைதான் கனக்கின்றன. இறக்கிவைக்க எனக்கு விருப்பமில்லை.