ஆற்றுக்கு முந்தின பக்கம்

ஜூன் 4, ஞாயிறு

பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. காலையிலிருந்து நீலக் கால்சட்டை, நீலக் கால்சட்டை, இன்னும் நீலக் கால்சட்டை. தையல் மெஷினை விட்டு நான் எழுந்தாலும் இடுப்பு எழுந்து வர மாட்டேன் என்கிறது.

பூதக்கண்ணாடி அண்ணன் வந்திருந்தார். என் புருஷனைப் போலவே பழைய போர்ப் பதக்கம் சேர்க்கிறவர், இவருடைய கூட்டாளி. சட்டைப்பையில் லென்ஸ் இல்லாமல் மனுஷன் தெருவில் இறங்கியதே கிடையாது, அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு அந்தப் பெயர். வழக்கம்போல இரண்டு பேரும் இழுப்பறையைத் திறந்து, கம்பளித் துணி மேல் பதக்கங்களைப் பரப்பி, விளிம்பில் பொறித்த பெயரையும் எண்ணையும் படித்துப் படித்துச் சண்டை போட்டார்கள். "தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிட்டா கொஞ்சம் நல்லா இருக்குமே" என்றேன், சீண்டலுக்குத்தான். இரண்டு பேரும் கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

அப்புறம் ஸ்ட்ரெச்சர்காரரின் பதக்கங்களை வெளியே எடுத்தார் இவர். அதுதான் இவருக்கு உயிர். நூறு வருஷத்துக்கு முந்தைய சண்டையில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்த ஒரு சிப்பாயுடையவை. விளிம்பில் பெயர் இருக்கிறது, ஆனால் நான் சொல்வதில்லை. இத்தனை வருஷத்தில் என் புருஷன் என்னோடு பேசியதைவிட அந்த ஆளைப் பற்றிப் பேசியது அதிகம். எங்கள் கல்யாண நாள் மறந்து போகும், அவன் கப்பல் ஏறிய நாள் மறக்காது. சக்களத்தியைப் பெயர் சொல்லி வேறு கூப்பிடணுமா?

கப்பல் பேச்சு வந்தபோது இவர் சொன்னார்: "கப்பல்ல எனக்கு ஒரே வாந்தி. தலையைத் தூக்கவே முடியல."

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

ஜூன் 5

வாய் தவறி வந்திருக்கும்.

ஜூன் 13

வாய் தவறி வரவில்லை. இன்று காலை காபியைக் கொடுத்தால், "கப்பல்ல கொடுத்ததைவிடப் பரவாயில்ல" என்கிறார். "கப்பல்ல போனது நீங்க இல்லீங்க, அந்த ஸ்ட்ரெச்சர்காரர்" என்றேன். பைத்தியத்திடம் எதற்கு வாய் கொடுப்பது என்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடித்தார்.

மறதி நோய் என்று போன வருஷமே டாக்டர் சொல்லிவிட்டார். சாவி மறக்கும், பேத்தி பெயர் மறக்கும் என்று நானும் மனசைத் தேற்றி வைத்திருந்தேன். மறந்த இடத்தில் இன்னொருத்தன் வந்து உட்காருவான் என்று யாரும் சொல்லவில்லையே.

ஜூன் 16

டாக்டரைப் பார்த்தோம். "மறுத்துப் பேசாதீங்கம்மா. அவர் போற வழியில கூடவே போங்க" என்றார். அவருக்கென்ன, மருந்துச்சீட்டை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். கூடப் போக வேண்டியவள் நான்.

ஜூலை 2

வெயில் கொளுத்துகிறது. இவர் இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறார். தொட்டுப் பார்த்தால் உடம்பு சாதாரணமாகத்தான் இருக்கிறது. "பக்கத்துக் கட்டில் பையன் காலையில போயிட்டான்" என்று சொல்லி அழுதார். பக்கத்தில் கட்டிலே கிடையாது, என் துணி மூட்டைதான் இருக்கிறது. என்ன செய்ய? டாக்டர் சொன்னபடி நானும் கூடப் போனேன். "நல்ல பையன்ங்க, பாவம்" என்றேன். சொல்லும்போதே எனக்கும் அழுகை வந்துவிட்டது. இல்லாத பையனுக்காக இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம்.

மத்தியானம் இவர் தூங்கியபிறகு, ஸ்ட்ரெச்சர்காரரைப் பற்றிய கோப்பு இருக்கிறதே, அதை எடுத்துப் படித்தேன். இவர் எழுதிய வரலாறு. அச்சகத்தில் பிழை திருத்திய மனுஷன், ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டார். சின்னச் சந்தேகம் இருந்தாலும் ஓரத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி. "அந்த ஆளு என்ன சாப்பிட்டாருன்னாவது எழுதுங்களேன்" என்று ஒருதரம் கேட்டதற்கு, "தெரியாததை எழுதினா அது பொய்டி" என்று எரிந்து விழுந்தார்.

முதல் பக்கத்தில் படையில் சேர்ந்தது. அடுத்த பக்கம் கப்பல். அதற்கடுத்த பக்கம் காய்ச்சல், முகாம் ஆஸ்பத்திரி, பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் இறந்தது.

இந்த நோட்டைத் திருப்பி ஜூன் நாலாம் தேதியைப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் போகிறார் இவர். வரிசை தப்பாமல்.

அடுத்தது கடைசிப் பக்கம். அதில் ஆறு. காயம்பட்டவர்களை ஆற்றின் அக்கரையிலிருந்து இக்கரைக்குத் தூக்கித் தூக்கி வந்தார் என்றும், கடைசியாக ஒருமுறை ஆற்றில் இறங்கியவர் திரும்பவில்லை என்றும், உடல் கிடைக்கவில்லை, வீரப் பதக்கம் தாயாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கிறார். ஓரத்தில் ஒரு கேள்விக்குறியாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

எங்கள் தெருக் கடைசியில் கால்வாய் ஓடுகிறது.

ஜூலை 3

மகளிடம் போனில் சொன்னேன். "முதல்ல அந்தப் பதக்கத்தையெல்லாம் எடுத்து ஒளிச்சு வைம்மா. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அப்பாவுக்கு இப்படி ஆகுது." சரிதானே என்று பட்டது. துணி அலமாரியில், லைனிங் துணிக்கு அடியில் வைத்தேன்.

ஜூலை 5

திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னால் முடியவில்லை. இழுப்பறையை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "அதுல என் பேரு இருக்கு, என் பேரு இருக்கு" என்று குழந்தை மாதிரி அழுகிறார். பெற்ற பிள்ளையைத் தொலைத்தவர்கூட இப்படி அழுது நான் பார்த்ததில்லை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன கிழிக்கப் போகிறேன்.

ஜூலை 14

நல்ல மழை. கடவுளே. இன்று எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

ஒரு கால்சட்டைக்கு ஜிப் வைக்கும் நேரம்தான். அவ்வளவுதான் கண்ணை எடுத்தேன். நிமிர்ந்தால் ஆளைக் காணோம். ஜன்னல் திரைக்கம்பி இரண்டும் இல்லை. படுக்கை விரிப்பும் இல்லை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

கால்வாய்ப் படியில் முழங்கால் வரை தண்ணீரில் நிற்கிறார். விரிப்பை இரண்டு கம்பியிலும் முடிந்து ஸ்ட்ரெச்சர் கட்டியிருக்கிறார் – அந்த முடிச்சு அவ்வளவு ஒழுங்காக இருந்தது. தெருமுனை இஸ்திரிக்காரர் பின்னாலிருந்து இவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "சார், வாங்க சார், வேணாம் சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"விடுப்பா! அங்க ஆளுங்க கெடக்குறாங்க. கத்துறது உனக்குக் கேக்கல?"

என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஏன் இங்க வந்தீங்க? பொம்பளைங்க வர்ற இடமா இது?"

நீங்க என்றார். கல்யாணமான நாளிலிருந்து ஏய், இந்தா, அடியே, கோபம் வந்தால் 'மகாராணி' – இதுதான் எனக்கு. இன்றைக்கு முதல்முறையாக மரியாதை கிடைத்திருக்கிறது. யாருக்கு வேணும் இந்த மரியாதை?

ஜூலை 15

கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகி வைத்திருக்கிறேன். மழை விடவில்லை. இவர் ஜன்னல் பக்கமே நிற்கிறார்.

ஜூலை 16, ஞாயிறு

பூதக்கண்ணாடி அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடைசியில் கேட்டேன்: "அண்ணே, உங்ககிட்டத்தான் பழைய காகிதம், பழைய மை எல்லாம் இருக்கே. இவருக்கு ஒரு விடுவிப்பு உத்தரவு எழுதிக் கொடுங்க. சண்டை முடிஞ்சது, ஊருக்குப் போகலாம்னு. ஆத்துல இறங்குறதுக்கு முன்னாடியே."

அவர் முகம் செத்துப் போயிற்று. "தங்கச்சி, எங்க கூட்டத்துல இதுக்குப் பேரு மோசடி. இதைச் செஞ்சவனை நாங்க வீட்டு வாசப்படி ஏத்த மாட்டோம். அதுவும் இவனோட கோப்புல... ஒரு வரி பொய் எழுதாத மனுஷன்மா."

"அது எனக்குத் தெரியாதாண்ணே? அந்த மனுஷனோட குடும்பம் நடத்துனவ நான்."

"அந்த ஆளு ஆத்துலதாம்மா செத்தாரு. அதை மாத்த நமக்கு என்ன உரிமை?"

"செத்தவர் செத்துட்டாரு. இருக்கிறவரு சாகணுமா?" கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 17

அண்ணன் போனை எடுக்கவில்லை. கோபத்தில் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னதில் தப்பில்லை.

ஜூலை 19

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அண்ணன். முழங்கால் வரை தொங்கும் பச்சை மழைக்கோட்டு, தலையில் யாரிடமோ கடன் வாங்கிய தொப்பி, படை அதிகாரி வேஷமாம். மூச்சிரைப்பு வேறு. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். சோளக்கொல்லை பொம்மைகூடக் கொஞ்சம் விறைப்பாக நிற்கும்.

நேராக ஜன்னலருகே போய் நின்று, இவருடைய எண்ணைச் சொன்னார் – பதக்க விளிம்பில் இருக்கும் எண். இவர் சடாரென்று திரும்பி நிமிர்ந்து நின்றார். முதுகு அவ்வளவு நேராக நிற்கும் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் காகிதத்தைப் பிரித்துப் படித்தார். குரல் உடைந்து உடைந்து வந்தது. பணி முடிந்தது. நன்னடத்தை. இன்று முதல் படையிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.

இவர் கேட்டார், "அக்கரையில இருந்தவங்க?"

"எல்லாரும் வந்துட்டாங்க."

"எல்லாருமா? கத்திக்கிட்டிருந்தானே ஒருத்தன், கடைசியா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். எந்தக் காகிதத்திலும் இல்லாத ஆள் அவன். "அவனும் வந்துட்டான்பா. நீதான் தூக்கிட்டு வந்தே."

இவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஜன்னல் பக்கம் அப்புறம் திரும்பவே இல்லை.

வாசலில் அண்ணன் என்னிடம், "வேலை ஆனதும் அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடு தங்கச்சி. நாளைக்கு எவனாவது அதை நெசம்னு நம்பிடுவான்" என்றார். சரி என்றேன். ஆனால் இவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானும் போட்டுவிட்டார். கேட்டால் தர மாட்டார்.

ஜூலை 20

தூங்கினார். சாப்பிட்டார். மழை பெய்தது, ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மகளுக்குப் போன் செய்து, "அப்பாவை மீட்டுட்டேன்டி" என்றேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன். பூட்டைக் கழற்றிவிட்டேன்.

ஜூலை 23, ஞாயிறு

மாலையில் தையலை முடித்துவிட்டு இவர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து வந்தார். தலை வாரியிருக்கிறார், கையில் துணிப்பை. அதில் ஒரு சட்டை, சீப்பு, மூன்று பதக்கங்கள்.

"இவ்வளவு நாள் உங்க வீட்டுல தங்கிட்டேன். சாப்பாடு போட்டீங்க, காய்ச்சல்ல பார்த்துக்கிட்டீங்க. ரொம்ப நன்றிங்க. அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க, கிளம்புறேன்."

முட்டாள், முட்டாள். ஊருக்குப் போ என்று எழுதி வாங்கினேனே, எந்த ஊருக்கு என்று யோசித்தேனா? இந்த வீட்டுக்கு வருவார் என்றல்லவா இருந்தேன்.

அவர் என் கையிலிருந்த சட்டையைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் சட்டையா?"

"ஆமாங்க."

"அவரை நான் பார்க்கவே இல்லையே. எங்க போயிருக்காரு?"

"வெளிய போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

"ஒண்ணும் சொல்லிட்டுப் போகலைங்க."

அவர் வாசலைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார், இருட்டத் தொடங்கியிருந்தது. பையைக் கீழே வைத்தார்.

"தனியா இருக்கீங்க. இப்படி விட்டுட்டுப் போறது சரியில்லைங்க. அவர் வர்ற வரைக்கும் நான் இருக்கேன். அவர் வந்ததும் கிளம்பிக்கறேன்."

"சரிங்க" என்றேன்.

சாப்பாடு போட்டேன், சாப்பிட்டார். உள்ளே கட்டிலில் படுங்கள் என்றதற்கு, அது முறையில்லை என்று மறுத்துவிட்டார். வாசல் கதவுப் பக்கம் போர்வையை விரித்துக் கொடுத்தேன்.