செம்பு இழந்த எலக்ட்ரான்

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் உடம்பில் குறையொன்றுமில்லை, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்பைத் தவிர இங்கே வேறெதுவும் சரியில்லை. உன் அக்கா ஆராய்ச்சியை விட்டுவிட்டாள். கோபத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னதல்ல, எழுதியே கொடுத்துவிட்டாள், அவள் மேசையில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாளாம். பகலெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், அம்மா கூப்பிட்டால் எழுந்து வந்து ரெண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். எங்களோடு சண்டை போட்டாலாவது தேவலை. வீட்டில் ஒரு கரண்டி விழுந்தால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது.

எனக்குத் தெரிந்த செம்பு மோட்டாருக்குள் நான் சுற்றுகிற கம்பி, அவ்வளவுதான். நீங்கள் இருவரும் பேசுவது கண்ணுக்கே தெரியாத ஒற்றை அணு. ஆனாலும் சாப்பிடும்போது அவள் சொல்லிச் சொல்லி என் மண்டையிலும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு திரிகிற மூலக்கூறு, ரேடிக்கல் என்பாள், கைக்கு எட்டியதையெல்லாம் பிடுங்கும், அந்த அவசரத்தில் தானும் அழிந்துபோகும். அதையே ஒரு செம்பு அணுவோடு பிணைத்துவிட்டால் அடங்கிவிடும், ஆல்கஹாலிலிருந்து ஒரு ஹைட்ரஜனை மட்டும் நிதானமாக எடுக்கும், வேறெதையும் தொடாது. தான் செய்ததும் அப்படிப்பட்டதுதான் என்று நம்பித்தான் இத்தனை வருடம் அந்தக் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியின் ரப்பர் கையுறைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாள், தோள்வலி வந்து அம்மா தைலம் தேய்த்துவிட்டதெல்லாம் உனக்குத் தெரியும். அவளுடையது மட்டும் ஏனோ ஆல்கஹாலைத் தொடவே மாட்டேன் என்றது. என்ன, புது மாப்பிள்ளை மாதிரி பிகு பண்ணுகிறதா என்று கேலி செய்வேன், சிரிப்பாள்.

அவள் அனுப்பியதை உன் எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்துப் பார்த்து நீ சொன்னதில் தப்பில்லை. எலக்ட்ரானை இழந்தது செம்புதான், அதைச் சுற்றியிருக்கும் மூலக்கூறு முழுசாக இருக்கிறது, அது ரேடிக்கலே இல்லை. அவளும் ஒத்துக்கொள்கிறாள். ஆனால் நீ அதை யாரிடம் சொன்னாய்? முடிவு முதலில் அவளுடைய பேராசிரியருக்குத்தான் போக வேண்டும் என்பது உங்கள் இடத்து விதி என்று அம்மாவிடம் சொன்னாயாம். விதி இருக்கட்டும். அவர் அதை வாராந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் திரையில் போட்டார். அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று பேசத் தயாராகி, நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போயிருந்தாள் உன் அக்கா. திரையில் கீழே உன் பெயர். கூட இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்களாம். “அவன் வாயால சொல்லியிருந்தா அன்னைக்கு அழுதுட்டு மறுநாள் லேபுக்குப் போயிருப்பேன்ப்பா” என்றாள். சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லேபை விட்டுக் கிளம்புகிற அன்று அந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துத் திறந்து வைத்தாளாம், காற்றுப் பட்டுக் கெட்டுப் பச்சை நிறம் பழுப்பாகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாளாம். அவளோடு வேலை செய்த பெண் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு அழுதாள். மிச்சம் இருப்பது உன்னிடம் அனுப்பிய இரண்டாவது குழாய் மட்டும்தானாம், நீ இன்னும் அளக்காதது. அதில் மூலக்கூறையே கொஞ்சம் மாற்றியிருக்கிறாளாம், செம்பு தன் எலக்ட்ரானை விடாமல் மூலக்கூறே இழக்கும்படி. எனக்கு நம்பிக்கை இல்லையப்பா, நம்பி நம்பி அலுத்துவிட்டது. என்ன வந்தாலும் கூட்டிக் குறைக்காதே, அதை அவள் மன்னிக்கவே மாட்டாள். விதிப்படி பேராசிரியருக்கு அனுப்பு. அதற்கு முன்னால் அவளிடம் சொல்.

குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அக்கா தன் போனை அணைத்து வைத்திருக்கிறாள், அதனால் என் போனுக்குக் கூப்பிடு. அவள் திறக்கிறவரை கதவிடுக்கில் அதை நீட்டிக்கொண்டு நிற்பேன். நல்லதோ கெட்டதோ, எனக்குச் சொல்லாதே, நான் கேட்கவும் மாட்டேன். அவளுக்குச் சொல்.

உன் அப்பா