இலக்கமிட்ட காற்று

தண்ணீரூற்று
12.03.1998

என் தர்மிளாவுக்கு,

நீ பிரதி எடுத்து அனுப்பிய பக்கம் இருபத்து மூன்று நாட்கள் பயணம் செய்து நேற்று வந்தது. உறையைப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். யார் வாசித்தார்களோ, நம் ரஷ்ய எழுத்தாளன் அவர்களையும் குழப்பியிருப்பான்.

கலாசாலை விடுதியில் நீ அவன் கதையின் ஆங்கிலப் புத்தகத்தை முதலில் காட்டியபோது, "வரிக்கு வரி இலக்கம், இதென்ன கேள்வித்தாளா?" என்று சிரித்தேன். தமிழில் மொழிபெயர்க்கும்போதுதான் புரிகிறது. அவன் கதை சொல்லவில்லை, இசையமைக்கிறான். மூன்றாம் வரியில் வீசிய காற்று பதினான்காம் வரியில் திரும்பி வருகிறது. அதற்குள் யாரோ போய்விட்டதால் அது வேறு காற்று.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வலையை மடியில் வைத்தபடி கேட்டார். "பிள்ளை, இது கோயில் மன்றாட்டுமாலை மாதிரியெல்லோ கிடக்கு. பதில் சொல்லுறது ஆர்?"

"வவுனியாவிலை ஒருத்தி இருக்கிறாள்" என்றேன்.

வேறு யாருக்கு வாசிப்பேன்? பள்ளிக்கூடத்தில் இதைக் கதைத்தால், "ஆன்சலா ரீச்சருக்குச் சாப்பாடு காணாமல் மூளை குழம்பிப்போச்சு" என்பார்கள். தமிழாக்கத்தைப் பரீட்சைத் தாளின் பின்புறத்தில் எழுதியிருக்கிறேன். திருத்து. அடுத்த பக்கத்தை அனுப்பு.

உன் ஆன்சலா


வவுனியா
20.04.1998

அன்பு ஆன்சி,

பக்கம் வந்தது, அழகாக. ஆறாம் வரியில் "தனிமை" வேண்டாம். அவன் அந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டான், நீதான் சொல்கிறாய்.

இதைத் தபாலில் போடாமல், உங்கள் பக்கம் வரும் கன்னியர் மடத்துச் சகோதரியிடம் கொடுத்துவிடுகிறேன். தபால்காரர் யோகலிங்கம் அண்ணை ரகசியமாக ஒன்று சொன்னார். "பிள்ளை, உனக்கு வாற கடிதத்தை ஆமிக்காரர் மேசையிலை விரிச்சு வைச்சு, பதினாலு எண்டா எந்த இடம், காத்து எண்டா ஆர் எண்டு ஆராயினம்." அம்மா இரண்டு நாளாக, "நம்பரு போடாம எழுதச் சொல்லு புள்ள" என்று என்னோடு சண்டை.

இனி இலக்கம் வேண்டாம். ஒரே பந்தியாக எழுது, நான் பிரித்துக்கொள்கிறேன். பெயர்களையும் விடு. உறையில் வீட்டு விலாசம் மட்டும் போதும். அடுத்த பக்கம் இத்துடன்.

தர்மிளா


தண்ணீரூற்று
15.06.1998

சிநேகிதிக்கு,

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்து சனம் திரும்பிவிட்டது. ஊர் மறுபடி வெறிச்சென்று இருக்கிறது.

இலக்கமில்லாமல் மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். வரிகள் ஒன்றையொன்று மிதித்தன. யாரோ ஒரு பெண் புலம்புவதுபோல ஆகிவிட்டது. அது அவனில்லை, நான். அதை நீ வாசிப்பது எனக்கு வெட்கம். ஆகவே இந்த ஒரு முறை இலக்கத்தோடே அனுப்புகிறேன். கோபிக்காதே.

ஆ.


வவுனியா
19.07.1998

ஆன்சலா,

இதையும் அதே மடத்துச் சகோதரி கையில் தருவார். வாசித்ததும் எரித்துவிடு.

செவ்வாய்க்கிழமை அண்ணன் சுதாகரனைக் கொண்டுபோய்விட்டார்கள். உன் இலக்க வரிகளை முன்னால் வைத்து விசாரித்தார்களாம். பயத்தில் அவன், "அது முந்தி இந்த வீட்டுல இருந்தவங்களுக்கு வர்ற கடிதமுங்க, எழுதுறது யாருன்னே தெரியாது" என்றிருக்கிறான். நானும் அப்படியே சொல்லிக் கையெழுத்து வைத்தேன். பழைய கடிதங்கள் அவர்களிடம் இல்லை. "அடுத்த கடிதம் வரட்டும், பார்ப்போம்" என்றாராம் அங்கத்தைய பெரிய அதிகாரி. அதுவரை அவனை விடமாட்டார்கள்.

புத்தகத்தையும் நீ எழுதிய பக்கங்களையும் அப்பா அடுப்பில் வைத்தார். நான் தடுக்கவில்லை.

உன்மேல் கோபமாக இருக்கிறேன். அண்ணன் வந்தால் கோபம் போய்விடும் என்று நினைக்கிறேன். ஆனால் அதன் பிறகும் நாம் எழுத முடியாது.

ஒரு கடிதம் அனுப்பு. தபாலில். என்ன எழுதவேண்டும் என்று உனக்குத் தெரியும்.

தர்மிளா


தண்ணீரூற்று
02.08.1998

அவ்வீட்டில் குடியிருப்பவர்களுக்கு,

வணக்கம். உங்களை எனக்குத் தெரியாது. என் சிநேகிதி ஒருத்தி முன்பு அவ்வீட்டில் வாடகைக்கு இருந்தாள். அவளுக்கென்று எண்ணி அங்கே கடிதம் அனுப்பிவிட்டேன். அவள் போய்விட்டதை இப்போதுதான் அறிந்தேன்.

இலக்கமிட்ட வரிகளைக் கண்டு குழம்பியிருப்பீர்கள். அவை ஒரு ரஷ்யக் கதையின் மொழிபெயர்ப்பு. அந்த எழுத்தாளர் அப்படித்தான் எழுதினார். நான் ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியை, பொழுதுபோக்காகச் செய்தேன். இனிச் செய்வதாயில்லை.

உங்கள் வீட்டில் எவருக்கும் சிரமம் தந்திருந்தால் பிழை என்னுடையது மட்டுமே. மன்னிக்கவும்.

அவள் எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. தேடமாட்டேன்.

இப்படிக்கு,
யாக்கோப்பு ஆன்சலா