வஸ்தியாம்பிள்ளைக்கு அரவில்லை

2024 மாசி 11, ஞாயிறு

நெல்லியடிப் பழைய இரும்புக் கடையில் ஒரு காற்றடிக்கிற விளக்கு வாங்கினேன். ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், பெற்றோல்மாக்ஸ். இது அது இல்லை. எண்ணெய்த் தாங்கி அகலம். பம்புப் பிடி சரிந்து நிற்கிறது. என்னிடம் இருக்கிற ஒன்றிலும் அப்படி இல்லை.

தாங்கியில் ஆரோ ஆணியால் குற்றிக் குற்றித் தமிழ் எழுதியிருக்கிறார்கள். முதல் எழுத்து வா. கடைசி கை. நடுவில் ஒரே கரி. வாசித்தேன்! நானே!

எனக்கு எழுத்துப் படிப்பிக்கிறது என் மனுசி ரஞ்சினி. "பேனையைத் துடுப்பு மாதிரிப் பிடிக்காதேங்கோ" என்கிறாள். வேறு எப்படிப் பிடிக்கிறது?

மாசி 12

கனிசியஸ் வந்தான். என்னோடு கடலுக்கு வந்தவன், அவனும் விளக்குச் சேர்க்கிறவன். தாங்கியைப் பார்த்ததும் படலைக்கு ஓடிப்போய் அயலுக்கும் கேட்கக் கத்தினான்.

"டேய் யாகப்பு, இது எங்கடை அப்பப்பான்ரை. வஸ்தியாம்பிள்ளை கைத்தாம்பிள்ளை. வ, கை. இடம்பெயரேக்கை துலைஞ்சது. உனக்கு வாசிக்கத் தெரிஞ்சால்தானே!"

அயல் சனம் தலையாட்டியது. ஞாயிறு பூசை முடிய வந்து தூக்குவானாம்.

அவன்ரை அப்பப்பான்ரை எண்டால் குடுக்கத்தானே வேணும். ஐயோ, நேற்றுத்தானே வீட்டை வந்தது.

மாசி 13

மனம் சரியில்லை.

மாசி 14, விபூதிப் புதன்

கோவிலால் வந்து திரும்பவும் எழுத்துக்கூட்டினேன். வ-வுக்குப் பக்கத்தில் அரவு, அந்தத் துணைக்கால், நிற்கிறது! நான் முதல் வாசித்த வா சரிதான். ரஞ்சினியைக் கூப்பிட்டேன்.

"வஸ்தியாம்பிள்ளைக்கு அரவு போடுறதோ?"

"போட்டால் வாஸ்தியாம்பிள்ளை ஆகிடுவார்."

பழப்புளி போட்டுத் தேய்த்தேன். விரல் எல்லாம் கறுத்தது. நடுவிலிருந்து ஒரு நேர்கோடு வந்தது. அதன் காலடியில் ஒரு படுத்த கோடு. ட.

வா. ட. கை.

வாடகை!

கலியாண வீடுகளுக்கு விளக்கு வாடகைக்கு விட்ட ஆரோ வெட்டினது. தன் பெயரை வெட்டவில்லை. ஆருடைய அப்பப்பாவின்ரை பெயரும் இல்லை. தனியே இருந்து சிரித்தேன்.

மாசி 18, ஞாயிறு

கனிசியஸ் சாக்கோடு வந்தான். "வாசி" என்று நீட்டினேன். வாசித்தான். பிறகும் வாசித்தான்.

"வாடகையோ..."

ரஞ்சினி குசினிக்குள் இருந்து, "ஓம் அண்ணை. உங்கடை அப்பப்பாவை எத்தினை கலியாணத்துக்கு வாடகைக்கு விட்டவை?" என்றாள்.

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்தான். பின்னேரம் மென்டில் வலையைக் கட்டிக் கொளுத்திக் காற்றடித்தேன். மதிலுக்கு அங்காலும் வெளிச்சம்! என்ரை விளக்கு.

மாசி 25, ஞாயிறு

கனிசியஸ் தன் விளக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அடியில் ஏதோ குற்றியிருக்கிறதாம்.

"கண்ணாடியை வீட்டை விட்டிட்டு வந்திட்டன். ஒருக்கா வாசிச்சுச் சொல்லு."

கண்ணாடி அவன் சட்டைப் பையில் இருந்தது. நான் அதைக் காணாதது போல இருந்தேன். அவனுக்குக் கதிரை போட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக, ஆறுதலாக வாசித்தேன்.